வானத்தைப் பார்த்துத் துணி காயப்போடும் நாடு

  

நான் 3 வருஷம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இருந்துவிட்டு, 2024-ல் நம் பள்ளியில் வந்து சேர்ந்தவள். அம்மா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒரு கிடங்கில் வேலை. ஆச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

வந்த நாளில் இருந்து எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "அங்க எப்பவும் மழை பெய்யுமாமே?" ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "சும்மா முழிக்காம எழுதிக் கொடு, சுவர் இதழ்ல போடுவோம்" என்று தமிழம்மா சொன்னார்கள். அதனால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

மழை அதிகமா? மழைநாள் அதிகமா?

முதலில் ஒரு கணக்கு. சென்னையில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் சுமார் 600 மில்லிமீட்டர்தான். அதாவது சென்னையில் பாதிகூட இல்லை! மான்செஸ்டரில் கொஞ்சம் அதிகம், 800-க்கு மேல். நம்ப முடியவில்லை அல்லவா? நானும் நம்பவில்லை.

வித்தியாசம் அளவில் இல்லை, நாளில் இருக்கிறது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே அப்படி இல்லை. மான்செஸ்டரில் வருஷத்துக்கு 140 நாளுக்கு மேல் மழைநாள். ஆனால் பெரும்பாலும் தூறல்தான். பத்து நிமிஷம் தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடியும் தூறும். ஒரே நாளில் குடை, கறுப்புக் கண்ணாடி, ஸ்வெட்டர் மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறேன்.

நாலு வாசல் வீடு

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? எங்கள் சயின்ஸ் டீச்சர் அங்கே விளக்கியதை நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன்.

நாலு பக்கமும் வாசல் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அப்படிப்பட்ட ஒரு தீவு. வடக்கு வாசல் வழியாகத் துருவப் பகுதியின் குளிர்காற்று வரும். தென்மேற்கு வாசல் வழியாக அட்லாண்டிக் கடலில் இருந்து ஈரமான, கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று வரும். கிழக்கே ஐரோப்பா. அங்கிருந்து குளிர்காலத்தில் கடுங்குளிரும் கோடையில் வெப்பமும் வரும். தெற்கில் இருந்து சில நேரம் சகாராப் பாலைவனத்துத் தூசிகூட வந்து கார்களின் மேல் படியும்.

எந்த வாசல் இன்றைக்குத் திறக்கும் என்பதை முடிவு செய்வதில் பெரிய பங்கு ஜெட் காற்றோட்டத்துக்கு. இது சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று. அது கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் ஒரு வானிலை, தெற்கே நகர்ந்தால் வேறொரு வானிலை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் இடத்தில் மேகம் திரண்டு மழை வரும்.

இன்னொரு அதிசயமும் உண்டு. கனடாவில் உள்ள எட்மன்டன் நகரம் கிட்டத்தட்ட மான்செஸ்டர் இருக்கும் அட்சரேகையிலேயே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். மான்செஸ்டரில் பெரும்பாலான குளிர்கால நாள்கள் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமும், கடல்மேல் வீசி வரும் மேற்குக் காற்றும்தான் இதற்குக் காரணம். ஆக, அங்கே மழையைக் கொண்டுவருவதும் கடல்தான், கடுங்குளிரில் இருந்து காப்பாற்றுவதும் கடல்தான்.

எங்கள் வீட்டுக் காலைப்பொழுது

இதெல்லாம் பாடப்புத்தக விஷயம். வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

காலையில் எழுந்ததும் அப்பாவின் முதல் வேலை வானிலைச் செய்தி பார்ப்பது. அதை வைத்துத்தான் யாருக்கு எந்தச் சட்டை, தம்பிக்கு ரப்பர் பூட்ஸா, சாதா ஷூவா என்று முடிவாகும். ஒரே கனமான சட்டை போடுவதைவிட, மெல்லிய சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம், காற்று அடித்தால் மறுபடி போடலாம். குடையை நம்பவே கூடாது. காற்றில் அது தாமரைப் பூ மாதிரி மேல்நோக்கி விரிந்துகொள்ளும். முதல் மாதத்திலேயே 2 குடை போய்விட்டது. தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

நம்ம ஊரில் மழை வந்தால் டி.வி. முன்னால் உட்கார்ந்து "கலெக்டர் லீவு விட்டுட்டாரா?" என்று பார்ப்போம். அங்கே மழைக்கு லீவே கிடையாது! மழைக்கு லீவு விட்டால் பள்ளிக்கூடம் எப்போது நடத்துவது? இடைவேளையில் மழை பெய்தால் வகுப்பிலேயே உட்கார்ந்து செஸ், பரமபதம் விளையாட வேண்டும். பனி கொட்டி வழி அடைத்தால் மட்டும் தலைமையாசிரியர் லீவு விடலாம். எனக்கு 3 வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது.

வெளிச்சமும் மாறும். டிசம்பரில் காலை 8.20-க்குச் சூரியன் உதித்து மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் திரும்புவோம். ஜூனில் இரவு 9.40 வரை சூரியன் இருக்கும். "இன்னும் பகல்தானே, ஏன் தூங்கணும்?" என்று தம்பி தினமும் சண்டை போடுவான். அவனுக்காகவே தடிமனான திரைச்சீலை வாங்கினோம். குளிர்காலத்தில் தோலில் வெயில் படாததால் உடம்பில் வைட்டமின் டி குறையும். நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இன்னும் குறையும். அதனால் தினமும் ஒரு மாத்திரை உண்டு.

துணி என்னும் பெரிய பிரச்சினை

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை துணி காயப்போடுவது. சிரிக்காதீங்க! இங்கே மொட்டை மாடியில் போட்டால் 2 மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அங்கே பின்பக்கம் சின்ன முற்றத்தில் ஒரு கொடி. துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் தூறல். ஓடிப்போய் எடுத்தால் வெயில். பக்கத்து வீட்டுப் பாட்டி, தூறல் விழுந்தால் முதலில் எங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் தன் துணியை எடுக்கப் போவார்.

அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியே காயவே காயாது. வீட்டுக்குள்தான் போட வேண்டும். அங்கேதான் சிக்கல். துணியில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? அறைக் காற்றுக்குள்தான். சூடான காற்று நிறைய நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராக மாறும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே மாதிரி சுவர் வியர்க்கும். ஈரச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் கலந்து மூச்சுக்குள் போகும்.

இதைத் தடுக்க ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் சூடு வெளியே போகும். சூடு என்றால் பணம். உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறிவிட்டது. 2021 அக்டோபரில் ஒரு சாதாரண வீட்டுக்கு வருஷ எரிவாயு, மின்சாரச் செலவு 1,277 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். 2022 அக்டோபரில், அரசாங்கம் உதவிய பிறகும் அது 2,500 பவுண்டு. ஜன்னலைத் திறந்தால் அப்பாவுக்குக் கவலை, மூடினால் அம்மாவுக்குக் கவலை.

நான் செய்த தப்பு

அம்மா ஒரு விதி வைத்திருந்தார்கள். ஈரத்துணியைக் குளியலறையில் மட்டும் போட வேண்டும், கதவை மூடி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு நைட் ஷிப்ட் இருக்கும் நாள்களில் அது என் பொறுப்பு.

2022 டிசம்பரில் கடும் குளிர் வந்தது. குளியலறையில் துணி 2 நாளானாலும் காயவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பியும் நானும் தூங்கும் அறையில் உள்ள ரேடியேட்டரின் மேல் துணிகளைப் பரப்பினேன். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் இறுக மூடினேன். சீக்கிரம் காய்ந்தது. நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சில நாளில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துணியால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும் அல்லவா?

ஒரு ராத்திரி தம்பிக்கு இளைப்பு வந்துவிட்டது. அப்போது அவனுக்கு 5 வயது. மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம், உதடு வெளிறிப்போனது. அப்பா 999-க்குப் போன் செய்தார். அன்று முழு ராத்திரியும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். டாக்டர், "வீட்டில் ஈரம், பூசணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அப்பா "இல்லை" என்றார். அவருக்குத் தெரியாதே! எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா திட்டவே இல்லை. "இப்பவாவது சொன்னியே" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தம்பி நன்றாகிவிட்டான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது "நீங்கள் துணி போட்டதுதான் காரணம்" என்றார். ஆனால் பார்க்க வந்த ஆள், குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடவே இல்லை என்று கண்டுபிடித்தார். என் தப்பும் இருந்தது, விசிறியும் ஓடவில்லை.

இது எங்கள் கதை மட்டும் இல்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை, வீட்டில் இருந்த பூசணத்தால் நுரையீரல் பாதித்து இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 'அவாப் சட்டம்' வந்தது. அரசு அமைப்புகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறையில் உள்ளது. உயிருக்கு ஆபத்தான அவசரக் கோளாறை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். ஈரம், பூசணம் பற்றிய பெரிய புகாரை 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும்.

வெயிலும் பிரச்சினைதான்

குளிரைச் சொன்ன நான் வெயிலையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கானிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி. பிரிட்டனில் அதுவரை இல்லாத வெப்பம்! "நமக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று அப்பா சொன்னார். மதியத்துக்குள் அவரே படுத்துவிட்டார். அந்த வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காகக் கட்டியவை. மேலே மின்விசிறியும் கிடையாது. கடை கடையாக அலைந்தும் ஒரு மேஜை விசிறிகூடக் கிடைக்கவில்லை.

ஏன் எப்போதும் வானிலைப் பேச்சு?

பிரிட்டிஷ்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள். வேறு பேச்சே இல்லையா என்று முதலில் கேலி செய்தேன். பிறகு புரிந்தது. நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, அது போலத்தான். பாட்டி "இன்று ராத்திரி உறைபனி" என்று சொன்னால், "நாளைக்குப் படியில் வழுக்கும், அம்மாவிடம் சொல்" என்று அர்த்தம்.

வானிலை அறிவிப்பு பிறந்ததும் இப்படி ஒரு அக்கறையில்தான். 1859 அக்டோபரில், ஆஸ்திரேலியாவில் இருந்து லிவர்பூலுக்கு வந்த 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டனான ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் அப்போது பிரிட்டன் வானிலைத் துறையின் தலைவர். அவர் கடற்கரை ஊர்களில் இருந்து தந்தி மூலம் செய்தி சேகரித்து, 1861-ல் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று செய்தித்தாளில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வந்தது.

அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. கறுப்புப் புள்ளியும் ஒரு எச்சரிக்கைதான். நான் அதைத் துடைத்து மறைத்தேன். நண்பர்களே, வீட்டில் ஏதாவது கெடுதலைப் பார்த்தால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* மழைக்கோட்டுத் துணியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் (1823). அதைத் தயாரித்த ஆலை மான்செஸ்டரில் இருந்தது.
* ஈரக் காற்றில் பஞ்சு நூல் எளிதில் அறுந்துபோகாது. மான்செஸ்டர் பகுதியில் நூற்பாலைகள் பெருகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.
* பிரிட்டனில் புயல்களுக்குப் பெயர் வைக்கும் முறை 2015-ல்தான் தொடங்கியது.

செய்து பாருங்கள்!

ஒரு ஸ்டீல் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேஜையில் வையுங்கள். வெளிப்பக்கம் எத்தனை நிமிஷத்தில் வியர்க்கிறது? வெயில் நாளிலும் மழை நாளிலும் செய்து, நேரத்தைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். சரியான காரணத்துடன் எழுதித் தருபவர்களின் விடை அடுத்த இதழில் இடம்பெறும்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி