சீனி வருத்தமும் தோல் புற்றுநோயும்: ஆய்வு தரும் பாடம்

நீரிழிவையும், தோலில் தோன்றும் மெலனோமா எனும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசுவது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டென்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவன் ஹெரோல்டின் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. பசறைக்கும் பிபிலைக்கும் இடையே அமைந்த லுணுகலை போன்ற தோட்டப்புற மக்களும் இவ்விடயத்தை அறிந்திருத்தல் நன்று என நாம் கருதுகின்றோம்.

எமது உடலின் பாதுகாப்புக் கலங்கள் நோய்க்கிருமிகளையும் புற்றுக் கலங்களையும் அழிக்கின்றன. அவை எல்லை மீறாதிருக்க இயற்கையே அவற்றுக்குத் தடைகளை வைத்துள்ளது. புற்றுநோயோ அத்தடைகளைத் தனக்குக் கவசமாக்கிக் கொள்கிறது. இதனைக் கண்டறிந்து, தடையை நீக்கும் சிகிச்சைக்கு வழிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்ஜோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை மருந்துகளுள் முதலாவது 2011இல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கென அனுமதிக்கப்பட்டது. சில மாதங்களே வாழ்வர் எனக் கருதப்பட்ட நோயாளர் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்தனர்.

எனினும், தடை நீங்கிய கலங்கள் சிலரில் இன்சுலினைச் சுரக்கும் சதையியின் கலங்களையும் தாக்கின. ஹெரோல்டும் அவரது சகாக்களும் இரு அமெரிக்க வைத்திய நிலையங்களின் ஆறாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, அவ்வாறு நீரிழிவுக்கு ஆளான 27 பேரின் விபரங்களை 2018இல் வெளியிட்டனர். சிகிச்சை பெற்றோரில் இது நூற்றுக்கு ஒருவரிலும் குறைவே. ஆயினும் அத்தகையோர் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இன்சுலினில் தங்கியிருக்க நேரிடுகிறது.

பெரும்பாலும் சிறுவரையும் இளையோரையும் பீடிக்கும் முதலாம் வகை நீரிழிவில் இதே தாக்குதல் மருந்தெதுவுமின்றியே நிகழ்கிறது. அங்கே தாக்கும் கலங்களை அடக்க வேண்டும். ஹெரோல்ட் பல்லாண்டுகள் ஆராய்ந்த தெப்லிசுமாப் எனும் மருந்து அதனையே செய்கிறது. 2019இல் வெளியான ஆய்வில், அபாயம் மிகுந்த 76 பேரிடையே இம்மருந்து நோயின் வருகையை ஏறத்தாழ இரண்டாண்டுகள் பின்தள்ளியது. 2022 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. ஆனால் 14 நாட் சிகிச்சைக்கு அப்போது அறிவிக்கப்பட்ட விலை 190,000 டொலருக்கும் அதிகம். எமது நாட்டுச் சாதாரண மக்களுக்கு அது எட்டாக்கனியே.

எமது மக்களிடையே மிகுந்து காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவாகும். 2005–2006இல் நடைபெற்ற தேசிய ஆய்வு, இலங்கையின் வயது வந்தோரில் ஐவரில் ஒருவர் நீரிழிவிலோ அதன் முன்னிலையிலோ இருப்பதாகக் காட்டியது. இந்நோய் முற்றினால் பாதத்தின் உணர்வு மங்கும். புண் ஏற்பட்டாலும் வலி தெரியாது.

மெலனோமா கருநிறத் தோலினரிடம் அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகிறது. 1981இல் மறைந்த பாடகர் பொப் மார்லியின் நோய் கால்விரல் நகத்தின் அடியிலேயே தொடங்கிற்று. நீரிழிவு உள்ளவரின் உள்ளங்காலில் இது தோன்றினால், 'சீனிப் புண்' எனத் தவறாகக் கருதப்படலாம். அவ்வாறு தவறிய நோயாளர் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. முள்ளும் அட்டையும் நிறைந்த மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாய், காலில் உள்ள கரும்புள்ளியைப் பொருட்படுத்தாதிருப்பது இயல்பே. பதுளைக்குச் சென்று காட்டுவதாயின் ஒருநாட் சம்பளத்தையும் இழக்க வேண்டும்.

ஆகவே, பாதத்தை நாள்தோறும் பார்க்கும் வழக்கம் எம்மிடம் வரவேண்டும். ஐவேளை வுழூச் செய்து கால் கழுவும் சகோதரர்களுக்கும், வேலை முடிந்து பீலித் தண்ணீரில் கால் கழுவும் தொழிலாளருக்கும் இது கடினமன்று. சில வாரங்களாகியும் ஆறாத புண், பரவும் கரும்புள்ளி, நகத்தில் புதிதாகத் தோன்றும் கருங்கோடு ஆகியவற்றைக் கண்டால் வைத்தியரை நாடுவதோடு, சிறு திசுத் துண்டெடுத்துச் சோதிக்க வேண்டுமா எனவும் கேட்டறிய வேண்டும். ஆரம்பத்திலேயே அறியப்படும் மெலனோமாவைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாலேயே நீக்கிவிடலாம். விலையுயர்ந்த மருந்துகள் தேவைப்படா.

தோட்ட வைத்திய நிலையங்களில் குருதிச் சீனியைப் பரிசோதிக்கும்போது பாதங்களையும் பரிசோதித்தல் வேண்டும். வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் வெட்டப்படாதிருப்பதை நிர்வாகங்கள் உறுதி செய்தல் வேண்டும். சுகாதார அதிகாரிகளும் தொழிற்சங்கங்களும் இதனைக் கவனத்திற்கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.