கம்ப்யூட்டர் வலையில் சிக்காத சின்னஞ்சிறு இடுக்கு!
விமானத்தை மின்னல் தாக்கினால் என்ன ஆகும்?

ஆகாய விமானம் பறந்துகொண்டு இருக்கிறது. திடீர் என்று மின்னல் தாக்குகிறது. மின்சாரம் விமானத்தின் உலோக உடம்பின் மேலாக ஓடி வெளியேறி விடுகிறது. பயணிகள் பெரும்பாலும் தப்பி விடுகிறார்கள்.

ஆனால், கதவு ஓரத்தில் சிறு இடுக்கு இருந்தால்? மின்காந்த அலை அதன் வழியாக உள்ளே புகும். உள்ளே இருக்கும் கம்பிகளில் மின்சாரம் பாயும். விமானத்தை ஓட்ட உதவும் கருவிகள் கெட்டுப் போகலாம்.

இதை முன்கூட்டியே அறிய, கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள்.

பெட்டி பெட்டியாக...

அமெரிக்காவில் கேன் யீ என்ற அறிஞர் 1966-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். இடம் முழுவதையும் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மின்சக்தி எவ்வளவு, காந்த சக்தி எவ்வளவு என்று கணத்துக்குக் கணம் கணக்கிட வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல்!

மீன் வலையின் கண் பெரிதாக இருந்தால், சிறு மீன் நழுவிவிடும் அல்லவா? அதுபோல, பெட்டியின் அகலம் 10 சென்டிமீட்டர். இடுக்கின் அகலமோ 1 மில்லிமீட்டர். இடுக்கு இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "ஆபத்து இல்லை" என்று தவறான விடை வந்துவிடும்.

3 ஆண்டு ஆகும்!

பெட்டியையும் 1 மில்லிமீட்டராகச் சிறிதாக்கினால் என்ன?

முன்பு 1 கன மீட்டர் இடத்தில் 1,000 பெட்டிகள் இருந்தன. இப்போது 100 கோடி! அலை ஒரு பெட்டியைத் தாண்டுவதற்குள் ஒரு தடவை கணக்குப் போட்டாக வேண்டும். ஆகவே, 100 மடங்கு அதிகத் தடவை கணக்கிட வேண்டும். மொத்த வேலை 10 கோடி மடங்கு! 1 விநாடியில் முடிந்த கணக்கு, 3 ஆண்டுக்கு மேல் நீடிக்கும்.

நல்ல யுக்தி

விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். பெட்டி பெரிதாகவே இருக்கட்டும். கம்பி ஓடும் பெட்டிகளுக்கு மட்டும் தனிக் கணக்கு!

மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடினால், அதைச் சுற்றிக் காந்த சக்தி இருக்கும். கம்பியை ஒட்டிய இடத்தில், தூரம் இரு மடங்கு ஆனால் அந்தச் சக்தி பாதியாகும். தெரிந்த இந்த விதியைப் பெட்டிக்குள் சேர்த்துவிட்டார்கள். இந்த முறையை ஹாலண்ட், சிம்ப்சன் என்ற இருவர் 1981-ல் வெளியிட்டார்கள். இடுக்குகளுக்கும் இதுபோல் தனிக் கணக்கு உண்டு.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. உண்மையான விமானத்தில் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சி, இரண்டு விடைகளையும் ஒத்துப் பார்க்கிறார்கள். பயணிகளின் உயிர் ஆயிற்றே!