மஞ்சள் விளக்கு எரிந்தால்...

காரின் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக்கின் கருவி ‘பி 0420’ என்ற குறியீட்டைக் காட்டுகிறது. வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். உடனே அதை மாற்ற வேண்டுமா? சற்றுப் பொறுங்கள், அதன் விலை மிக அதிகம்.

மாற்றி என்பது புகைபோக்கிக் குழாயிலுள்ள தேன்கூடு போன்ற அமைப்பு. அதிலுள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை மாற்றுகின்றன. சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேமித்து, வேண்டும்போது தருகிறது.

மாற்றிக்கு முன்னும் பின்னும் சென்சார் எனப்படும் ஆக்சிஜன் உணரிகள் உள்ளன. முன்னுள்ளது சிர்கோனியா வகையானால், அதன் மின்னழுத்தம் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். நல்ல மாற்றி இந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்துவிடுவதால், பின்னுள்ளது பெரும்பாலும் நிலையாக இருக்கும். அதுவும் முன்னதைப் போலவே ஊசலாடினால், மாற்றி கெட்டதாகக் கணினி முடிவு செய்கிறது. நச்சு வாயுவைக் கணினி நேரே அளப்பதில்லை!

குழாய் விரிசல் வழியே வெளிக்காற்று புகுந்தாலும் உணரி ஏமாறும். ஆகவே முதலில் கசிவையும், பிறகு உணரியையும் அதன் கம்பிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

‘பி 0300’ குறியீடும் சேர்ந்து வந்தால், எஞ்சினில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் எரிந்து தேன்கூட்டையே உருக்கிவிடலாம். இக்கோளாற்றை நீக்காமல் புதிய மாற்றி பொருத்தினால் அதுவும் பாழாகும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அபாயம் அதிகம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுங்கள்.