சோறு நமக்குப் பகையன்று

சர்க்கரை நோய் எனத் தெரிந்த மறுநாளே சோற்றை அறவே விலக்குவோர் உண்டு. 'கருப்பட்டிக் காப்பிதானே' என்று அளவின்றிப் பருகுவோரும் உண்டு. இரண்டுமே தீங்கு தரும்.

மாவுச்சத்து நமக்குப் புதியதன்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டியது. ஆயினும் வானம் பார்த்த பூமியான இராமநாதபுரம் சீமையில் நெற்சோறு எல்லா நாளும் கிட்டியதில்லை. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் குதிரைவாலி, கேழ்வரகு, கம்பு, சோளம். தை மாதத்தில் பனங்கிழங்கு. உழவும் பனையேற்றும் வலையிழுப்பும் உண்டதை எரித்துவிட்டன.

1960களுக்குப் பின் உயர் விளைச்சல் நெல்லும், ஆலையில் தீட்டிய வெள்ளரிசியும், நியாயவிலைக் கடையும் பஞ்சத்தின் அச்சத்தைப் போக்கின. அது பெரும் பேறு. ஆனால் தவிட்டோடு நார்ச்சத்தும் நீங்கியது, உடலுழைப்பு குறைந்தது, தட்டிலுள்ள சோறு மட்டும் குறையவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

அரிசியாயினும் சிறுதானியமாயினும் செரித்தபின் குளுக்கோசாகவே குருதியில் கலக்கும். வேறுபாடு வேகத்திலும் அளவிலும் உள்ளது. முழுத்தானியச் சோறு மெல்ல ஏறும். அதையே மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் விரைந்து ஏறும். கருப்பட்டியில் தாதுக்கள் சில இருப்பினும் பெரும்பகுதி சர்க்கரையே. ஆகவே தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, கால் பங்கு சோறு என வகுத்துக்கொள்ளுங்கள். மீனைப் பொரிப்பதினும் குழம்பில் இடுவது நலம். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் தம் மருத்துவரிடம் அளவு கேட்டறிக.

வீட்டார் ஒன்றை மறவாதிருங்கள். இன்சுலின் செலுத்திக்கொண்டபின் உண்ணாமல் கடலுக்குச் செல்வதும், விரதம் இருப்பதும் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாது உடனே 108ஐ அழையுங்கள். படகிற்குச் செல்லும் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை என்றும் இருக்கட்டும்.