வெக்கை வெளியேற ஒரு வழி

மொட்டை மாடியின் ஒரு மூலையைக் கண்ணாடியால் மூடி 'சன்ரூம்' ஆக்கிக்கொள்வது குளிர்நாடுகளிலிருந்து வந்த வழக்கம். அங்கே பனிக்காலச் சூரியன் தாழ்ந்து, சாய்ந்து வரும். அந்தக் கொஞ்ச வெயிலைப் பிடித்துவைக்கத்தான் கண்ணாடி. பெங்களூருவின் கணக்கு வேறு. ஊர் இருப்பது வடக்கே 13 பாகையில். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஊர் மிகவும் காய்வதும் அந்தச் சமயத்தில்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரை சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்டை நெருங்கும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். எட்டு கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட். "ஏசி போட்டால் போச்சு" என்பவர்கள் இரண்டு டன்னுக்கு மேல் வெயிலுக்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படி உள்ளே வந்த சூடு ஏன் வெளியே போவதில்லை? கண்ணாடி வெப்பக் கதிர்களைச் சிறைப்பிடிக்கிறது என்பது பள்ளிக்கூடத்து விடை. 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்கு வெப்பக் கதிரைத் தாராளமாக விடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, 55 டிகிரி வரை சூடேறின. சூட்டைப் பெரும்பாலும் பிடித்துவைப்பது வெளியேற முடியாமல் அடைபட்ட காற்றுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. சூடான காற்று லேசானது. மேலேறி முகட்டில் தேங்கும். சுவரின் நடுவில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் அதற்கு மேலுள்ள வெக்கை அசையாது. 1865இல் பாசல் மிஷன் மங்களூருவில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய ஓட்டுக் கூரைகளில் இந்தத் தொல்லை குறைவு: ஓடுகளின் இடுக்குகள் வழியே காற்று தானே கசிந்துவிடும். கண்ணாடிக் கூரையிலோ சிலிக்கோன் பூசி எல்லா இடுக்கையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே முகட்டில் நீளவாக்கில் ஒரு திறப்பு வேண்டும். அது மட்டும் போதாது. போகிற காற்றுக்கு ஈடாகக் கீழே, தரையை ஒட்டி, அதே அளவு திறப்பு இல்லாவிட்டால் மேலே விட்ட வழி பாதி வீண். இரண்டில் சிறியதுதான் காற்றோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும். இரண்டுக்கும் இடையிலான உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். தாழ்வான கண்ணாடி அறை எப்போதும் நஷ்டம்தான்.

மழை உள்ளே வருமே என்ற பயம் நியாயமானது. ஏப்ரல், மே மாத இடிமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும் ஊர் இது. திறப்பின் மேல் சற்று உயர்த்திய ஒரு குல்லா, இருபுறமும் நன்றாக வெளியே நீண்டு, ஓரம் கீழ்நோக்கி மடிந்திருந்தால் சாரல் பெரும்பாலும் நிற்கும். கொசுவலை காற்றையும் தடுக்கும். அதற்கு ஈடாகத் திறப்பை அகலமாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜனவரிக் குளிருக்குக் கயிறு இழுத்து மூடும் பலகை போதும். எக்ஸாஸ்ட் ஃபேனும் வேலை செய்யும், மின்சாரம் இருக்கும்வரை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முகட்டுத் திறப்பு அறைக் காற்றை வெளிக்காற்றின் சூட்டுக்கு அருகே கொண்டுவருமே தவிர, தலையில் விழும் வெயிலைத் தடுக்காது. அதற்கு மூங்கில் தட்டியோ நிழல்வலையோ வேண்டும், அதுவும் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில். 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸின் கூரைமேல் கித்தான் விரித்ததும் இதற்காகவே.

மாடிப்படி அறையின் சுவரில் சாய்த்துக் கட்டும் ஒற்றைச் சரிவுக் கூரைக்கு முகடே இல்லையே என்று கேட்கலாம். அங்கே கூரையின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் கோடுதான் முகடு. ஒழுகும் என்று பயந்து முதலில் பூசி அடைப்பதும் அந்தக் கோட்டைத்தான்.