சூரிய மின்னிலையத்திற்கு ஏற்ற நிலமும் ஏலாத நிலமும்

பசறைப் பகுதியின் நெற்காணிகள் மலையடிவாரங்களிலே, ஓடைகளை அண்டிப் படிப்படியாக அமைந்துள்ளன. பெரிய சூரிய மின்னிலையம் அமைப்போர் தேடும் குணங்களும் இக்காணிகளிற் பலவற்றில் உண்டு: நிலம் சமமானது, பாதை அருகே செல்கின்றது, மின்கம்பியும் தொலைவிலில்லை. ஆகவே காணியைக் குத்தகைக்குக் கேட்டு எவரேனும் வரின், கமக்காரர் விடை கூறுமுன் சில விடயங்களை அறிந்திருத்தல் நலம்.

ஒரு மெகாவாட் ஆற்றலுக்குச் சமநிலத்தில் ஏறக்குறைய 4 அல்லது 5 ஏக்கர் தேவைப்படும். சூரியத் தகடுகளுக்கு வேண்டுவது ஒளியே, வெப்பமன்று. தகட்டின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மின்விளைவு ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகின்றது. இவ்வகையில் மலைநாட்டின் குளிர் ஆதாயமே. ஆயினும் ஐப்பசி முதல் தை வரை நமுனுகலைப் பக்கத்தை மூடும் முகிலும் பனிமூட்டமும் அவ்வாதாயத்தைப் பறித்துவிடுகின்றன. மலைமுகடுகளின் காலை மாலை நிழலும் நட்டமே.

இதனாலேயே பெரிய நிலையங்கள் உலர்வலயத்தை நாடின. 2011 ஆம் ஆண்டில் யப்பான், கொரிய நாடுகளின் உதவியுடன் 1,237 கிலோவாட் நிலையம் அம்பாந்தோட்டையிலேயே அமைந்தது. ஊவாவிலும் 100 மெகாவாட் திட்டத்திற்குத் தெரிவானது பதுளை மலைச்சரிவன்று; மொனராகலை மாவட்டத்துச் சியம்பலாண்டுவைப் பகுதியாகும். அத்தகைய இடங்களிலும் யானை செல்லும் வழிகளையும் குளங்களின் நீரேந்து பரப்பையும் தவிர்த்தல் வேண்டும்.

மானாப்புல் மூடிய சரிவுகளை வெறுந்தரையென எண்ணுதல் தவறு. தகட்டின் மேல் விழும் மழை முழுவதும் அதன் கீழ் விளிம்பால் ஒரே வரிசையில் வடியும். புல்லைச் செதுக்கிவிட்டால் அந்நீர் மண்ணை அரித்து, கீழேயுள்ள வாய்க்காலைத் தூர்த்துவிடும். சம உயர வடிகாலும் புற்போர்வையும் இன்றி அங்கு வேலை தொடங்கலாகாது. மழைநீர் ஊறிய சரிவு பெயர்ந்தால் விளைவு யாதென்பதை 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம் கண்டது. பதுளை மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு கேட்கப்படுவது இதனாலேயே.

நெற்காணிக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. மின் விற்பனை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கானவை. அத்தனை காலம் மண்வெட்டி படாத வயலில் வரம்பும் வாய்க்காலும் எஞ்சுதல் அரிது. மேல்வயலின் வாய்க்கால் அடைபட்டால், குத்தகைப் பணத்தில் ஒரு சதமும் பெறாத கீழ்வயற்காரரும் போகத்தை இழப்பார். தகடுகளின் கீழே மரக்கறி பயிரிடலாமெனக் கூறுவோரும் உளர். தகடுகளை உயர்த்தி இடைவெளி விட்டால் இஞ்சி போன்றவை ஓரளவு தாங்கும். தக்காளியும் மிளகாயும் நிழலில் நன்கு காய்க்கமாட்டா.

பாடசாலை, களஞ்சியம், தேயிலைத் தொழிற்சாலை ஆகியவற்றின் கூரைகளும், நீர்வழியில்லாத சமமான தரிசு மேட்டுநிலமுமே இப்பகுதிக்கு ஏற்றவை. காணி பார்க்க வருவோரை வெயில் நாளில் மட்டுமன்றி, மார்கழி மழையிலும் ஒருமுறை அழைத்துச் சென்று, நீர் இறங்கும் வழியைக் காட்டுதல் வேண்டும். கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைக் கமநல சேவை நிலையத்திற் காட்டிக் கேட்டறிக.