காணாமல் போனவர்கள் – 7: அழாத தாயும் அழுத தாயும்

1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் உளுரு பாறைக்கு அருகே, கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ எனப்படும் காட்டுநாய் குழந்தையைத் தூக்கிப் போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லின் அலறினார். அன்றிரவு உடன் தேடியவர்கள் அவரை நம்பினார்கள். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த பலர்தான் நம்பவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேமரா முன் இவ்வளவு நிதானமாகப் பேசுவாளா? டிங்கோ தன் இரையை எப்படித் தின்னும் என்றுகூட விளக்குவாளா? கணவர் மைக்கேல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். அந்தச் சிறுபான்மைச் சபையைப் பற்றிய அறியாமையும் சேர்ந்துகொள்ள, பெற்றோரே பிள்ளையை நரபலி கொடுத்துவிட்டார்கள் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது.

முகத்தைப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதோடு இந்த வழக்கு நின்றுவிடவில்லை. முகத்தைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு, உண்மையான சாட்சிகள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. அதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. லிண்டி கூடாரத்திலிருந்து திரும்பிய பிறகும் குழந்தை அழுத சத்தம் கேட்டது என்று, பக்கத்தில் முகாமிட்டிருந்த இன்னொரு தாய் சொன்னார். அந்த மண்ணை அறிந்த பழங்குடியினர் டிங்கோவின் தடங்களைப் பார்த்திருந்தார்கள். தலைமை வனக்காவலர் டெரெக் ராஃப், டிங்கோக்களால் ஆபத்து வரலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். 1981-ல் நடந்த முதல் மரண விசாரணையும் டிங்கோதான் காரணம் என்றது. அதற்குப் பிறகும் வழக்கு மறுபடி கிளறப்பட்டது. சேம்பர்லின் குடும்பத்தின் காரில் பச்சிளங்குழந்தையின் ரத்தம் இருந்ததாகத் தடயவியல் நிபுணர் சாட்சி சொன்னார். உடல் கிடைக்கவில்லை, கொல்லக் காரணமும் காட்டப்படவில்லை. இருந்தும் 1982 அக்டோபர் 29 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியான லிண்டிக்கு ஆயுள் தண்டனை. ரத்தம் என்று காட்டப்பட்டவற்றில் முக்கியமான ஒன்று, இரைச்சலைக் குறைக்கக் கார் தயாரிப்பின்போது தெளிக்கப்படும் பூச்சு என்பது பிறகுதான் தெரியவந்தது. குழந்தை அணிந்திருந்ததாக லிண்டி சொல்லிவந்த மேலுடை, அரசுத் தரப்பு நம்ப மறுத்த அதே உடை, 1986-ல் உளுருவின் அடிவாரத்தில் கிடைத்தது.

பிள்ளை காணாமல் போனால் பெற்றோரைச் சந்தேகிக்கவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக விசாரிக்க வேண்டும்; குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்த வழக்குகள் உண்டு. 1994-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சூசன் ஸ்மித் என்ற தாய், கறுப்பினத்தவர் ஒருவர் தன் காரையும் அதிலிருந்த இரண்டு மகன்களையும் கடத்திவிட்டதாகச் சொல்லித் தொலைக்காட்சியில் கதறினார். ஒன்பது நாள் நாடே அவருக்காகப் பிரார்த்தித்தது. பிள்ளைகளைக் காரோடு ஏரியில் மூழ்கடித்தவர் அவரேதான். அவர் கதையின் ஓட்டை ஒரு போக்குவரத்து சிக்னலில் இருந்தது: வேறு வண்டியே இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றேன் என்றார்; குறுக்குச் சாலையில் வண்டி வந்தால்தான் அந்த விளக்கு சிவப்பாகும். இப்படிச் சரிபார்க்கக்கூடிய கேள்விகளால் எந்தப் பெற்றோரையும் துளைத்தெடுக்கலாம், தவறில்லை.

அனுபவப்பட்ட காவலருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பவர்களும் உண்டு. பொய்யைக் கண்டறிவது பற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து, 2006-ல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபவுலோவும் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் சரியாகக் கணித்தது சராசரியாக 54 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். தொழில்முறை நிபுணர்களும் மற்றவர்களைவிடத் தேறவில்லை. அதிர்ச்சியில் உறைந்தவரும் குற்றம் செய்து மறைப்பவரும் வெளியே ஒரே மாதிரித் தெரியலாம் என்னும்போது, அந்தத் தோற்றம் எதை நிரூபிக்கும்?

லிண்டி மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். சிறைக்காலத்தில் பிறந்த மகளை அவரிடமிருந்து பிரித்தார்கள். 1988-ல் தண்டனை ரத்தானது. அசாரியாவின் மரணத்துக்கு டிங்கோதான் காரணம் என்று 2012 ஜூன் 12 அன்று நான்காவது மரண விசாரணை அதிகாரபூர்வமாக அறிவித்தது.